உடும்பை நான் காணவில்லை

போன கிழமை நம் பள்ளி வகுப்புக்காரரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி படம் ஒன்று போட்டிருந்தாள். கனடாவிலிருந்து பிள்ளைகளோடு வந்தவள், புங்குடுதீவில் பூட்டிக் கிடக்கும் தன் தாய் வீட்டைப் பார்க்கப் போயிருக்கிறாள். விறாந்தையில் ஓர் உடும்பு வெயில் காய்ந்துகொண்டு கிடந்திருக்கிறது. "ஐயோ, வீட்டுக்குள் முதலை!" என்று எழுதி, பயந்த முகப் பொம்மைகள் நாலைந்தும் சேர்த்திருந்தாள். அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் வரிசையாக வந்து, ஊர் காடாகிவிட்டது, எல்லாம் போய்விட்டது என்று ஒப்பாரி வைத்தீர்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் இந்த ஊரிலேயே இருப்பவள். தபாற்கந்தோரில் முத்திரை குத்தி ஓய்வு பெற்று, இப்போது கத்தரிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பவள். இருக்கிற ஊருக்கு ஒப்பாரி வைக்க எனக்கு நேரமில்லை. அதோடு அது முதலையும் இல்லை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவளுக்கு உடும்பைத் தெரியவில்லை என்றால், நான் யாரிடம் போய்ச் சொல்லிச் சிரிக்க?

அன்றைக்கே சுடச்சுடப் பதில் எழுதியிருப்பேன். ஆனால் அதே நாள் பின்னேரம் பாரிசிலிருந்து தம்பி அழைத்தான். அவனும் உடும்பைப் பற்றித்தான் கேட்டான். அவன் பேசி முடித்த பிறகு அந்தப் பதிலை எழுத எனக்கு மனம் வரவில்லை. நாலு நாள் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன். நீளம் என்று யாரும் முறையிடக் கூடாது. நீங்கள் விடிய விடிய அனுப்பும் காலை வணக்கப் பூக்களை நான் பொறுத்துக்கொள்கிறேன் அல்லவா?

நாங்கள் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் அது. அப்பா தென்னிலங்கையில் கடை வைத்திருந்தார். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வருவார், பெட்டி நிறையப் பிஸ்கட்டும் தலைக்குப் பூசும் வாசனை எண்ணெயும் கொண்டு வருவார், போய்விடுவார். வீட்டில் அம்மா, நான், என்னைவிட மூன்று வயது இளைய தம்பி. பக்கத்து வளவில் அப்பாவின் அண்ணன், அதாவது எங்கள் பெரியப்பா, அவர் மனைவி பெரியம்மா. இரண்டு வளவுக்கும் நடுவில் பனையோலை வேலி. அந்த வேலியில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி, பொட்டு. அந்தப் பொட்டால் கறிச்சட்டியும் சண்டையும் சமாதானமும் நாள் முழுக்கப் போய் வந்துகொண்டிருந்தன.

பெரியப்பா காலையில் புகையிலைத் தோட்டக்காரர், பின்னேரத்தில் முயல் வேட்டைக்காரர். விலா எலும்பு தெரியும் ஒரு சிவப்பு நாய் அவரோடு எப்போதும் திரியும். பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை, கோழிகள் இருந்தன. ஒவ்வொரு கோழியின் குணமும் நடத்தையும் அவவுக்குத் தெரியும். எந்தக் கோழி எந்தச் சேவலோடு சேரக் கூடாது என்பதில்கூட அபிப்பிராயம் வைத்திருந்தா.

எங்கள் வீட்டுக் கோடியில் பனங்கூடல் தொடங்கும். மீன் கழுவிய தண்ணீரையும் குடலையும் கொண்டுபோய் அங்கே ஊற்றுவது என் வேலை. ஒரு மத்தியானம் சட்டியைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும்போது, விழுந்து கிடந்த காவோலைகளுக்குள் சரசரவென்று ஏதோ அசைந்தது. பாம்பென்று நினைத்துக் கல்லைத் தூக்கினேன். முதலில் நாக்குத்தான் வெளியே வந்தது. நீளமாக, நுனி இரண்டாகப் பிளந்து, ஈரமாக. அந்த நாக்குக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், ஒரு கிழவரின் தலை வந்தது.

கிழவர் என்றுதான் அப்போது நினைத்தேன். கழுத்துத் தோல் அப்படி மடிந்து தொங்கியது. அது குடலை நாக்கால் தொட்டுப் பார்த்தது, தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தது, பிறகு நான் ஒரு பொருட்டே இல்லை என்பது போல் விழுங்கத் தொடங்கியது. மெல்லுவதே கிடையாது. தலையை மேலே தூக்கி, இரண்டு உதறு, உள்ளே போய்விடும். எனக்கு அம்மா "மெண்டு தின்" என்று நாளும் பொழுதும் சொல்லிக்கொண்டிருந்த காலம். எனக்கு அந்த உடும்பை உடனே பிடித்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் அதைப் பார்க்காமல் விடவில்லை. காலையில் வெயில் ஏறும்வரை அது ஒரு வேலைக்கும் உதவாது. மண் நிறத்தில், செத்தது போல், சுண்ணாம்புக் கல்லில் வயிறு பட ஒட்டிக்கொண்டு கிடக்கும். உடம்பு சூடானதும் கந்தோருக்குப் போகிறவர் போலப் புறப்படும். முதலில் மாட்டுச் சாணிகளைப் பரிசோதிக்கும். ஒவ்வொன்றாக மூக்கால் புரட்டி, அடியில் கிடக்கும் வண்டுகளைப் பொறுக்கும். பிறகு கரைப்பக்கம் போய் நண்டு வளைகளைத் தோண்டும். நடக்கும்போது உடம்பு ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் ஆடும். வால் மட்டும் ஆடாமல் மணலில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு வரும். கோட்டுக்கு இரண்டு பக்கமும் நகம் பதிந்த காலடிகள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் அது எங்கே போனது, எங்கே நின்றது, எங்கே மனம் மாறித் திரும்பியது என்று எல்லாம் வாசிக்கலாம்.

வெருண்டால் பனையில் ஏறும். கட்டைப் பனையொன்றின் பொந்துக்குள் தலையைப் புகுத்திவிட்டு, வெளியே வால் தொங்குவது தெரியாமல், ஒளித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். தம்பியும் ஒளித்துப் பிடிக்கும்போது அப்படித்தான், கண்ணைப் பொத்திக்கொண்டு நடு முற்றத்தில் நிற்பான். பெரியம்மாவின் கோழி முட்டைகளை அது திருடியதையும் கண்டேன். முழு முட்டை தொண்டையால் இறங்குவது வெளியே தெரியும். பெரியம்மா கீரியைத் திட்டினா. நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்கு என்னைத் தெரியும், என்னோடு கூட்டு என்றெல்லாம் சொன்னால் அது பொய். என்னைக் கண்டு ஓடாமல் விட்டது, அவ்வளவுதான். ஆனால் எனக்கு அதுவே போதுமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், தம்பி பிறந்த பிறகு அந்த வீட்டில் எனக்கு மட்டும் என்று எதுவும் இருக்கவில்லை. அம்மாவின் மடியும் அவனுக்கு, அப்பாவின் பிஸ்கட்டில் முதல் பங்கும் அவனுக்கு, ஏனென்றால் அவன் நோயாளிப் பிள்ளை. உடும்பு மட்டும் எனக்கு. அதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை, அவனுக்கும்தான்.

வைகாசியில் சோளகம் தொடங்கியது. தெற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று எங்கள் ஊரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பனையோலைகள் நாள் முழுக்கத் தகரம் தட்டும். சோற்றில் மண், தலையணையில் மண், கண்ணுக்குள் மண். அந்தக் காற்றோடு தம்பிக்குத் தொய்வு வந்துவிடும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு குழி விழும். வெளியே விடும்போது யாரோ தூரத்தில் குழல் ஊதுவது போல் ஒரு சத்தம். படுக்க முடியாது. கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி, தோளை உயர்த்திக்கொண்டு, பின் யன்னலுக்குப் பக்கத்தில் குந்தியிருப்பான். பேச மாட்டான். பேசுவதற்கு மூச்சு மிஞ்சாது.

அந்த வருடம் வழக்கத்தைவிட மோசம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் தந்த குளிசை சில நாள் ஆறுதல் தந்தது. ஆனால் அங்கே போய்வர அடிக்கும் காற்றிலும் புழுதியிலும் அவன் இன்னும் சோர்ந்துவிடுவான் என்று அம்மா பயந்தா. வீட்டிலேயே வைத்திய முறைகள் தொடங்கின. காற்றுப் படக் கூடாது என்று யன்னல்களைச் சாத்தினா, மரச்சட்டத்தின் இடுக்குகளில் பழந்துணி அடைத்தா. காலையும் மாலையும் மண் தட்டில் தணல் போட்டு, சாம்பிராணியும் நொச்சியும் வேப்பிலையும் சேர்த்து அறை முழுக்கப் புகை போட்டா. எனக்கே கண் எரிந்து இருமல் வரும். அவனுக்குக் கூடும் ஒவ்வொரு முறையும் அம்மா இன்னும் ஒரு பிடி சாம்பிராணி போடுவா. பிள்ளையை மீன் வாட்டுவது போலப் புகையில் வைத்துக்கொண்டு, தெய்வத்தை மன்றாடிக்கொண்டிருந்தோம். அம்மாவைவிட அன்பான ஒருத்தி அந்த ஊரில் இருக்கவில்லை. அன்புக்குப் புகை கெடுதல் என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆடி முடியும் தறுவாயில் ஒரு காலை, நான் பள்ளிக்கூடம் போகுமுன், வேலணையிலிருந்து நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியார் சைக்கிளில் வந்தார். நாடி பிடித்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார், முற்றத்துக்கு வந்து வெற்றிலையைத் துப்பினார்.

"பாரும் பிள்ளை, இது தைலம் பூசிப் போற தொய்வில்லை. சளி உள்ளுக்கை கல்லாக் கிடக்கு. உடும்பிறைச்சி ஆக்கி மூண்டு நாளைக்குக் குடும். கரைச்சுக்கொண்டு வரும்."

"உடும்புக்கு நான் எங்கை போவன் ஐயா?"

"பக்கத்து வளவிலை வேட்டைக்காரரை வைச்சுக்கொண்டு என்னட்டைக் கேக்கிறீர்?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

அன்று பின்னேரமே பெரியப்பா பொட்டால் குனிந்து வந்தார். நாய் அவருடைய காலுக்குள்ளால் தலையை நீட்டியது. "மோனை, உன்ரை கால் படாத பத்தை இந்தக் குறிச்சியிலை இல்லை. எங்கையேன் உடும்பு கண்டனியோ?"

"நான் காணேல்லை, பெரியப்பா."

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "கண்டால் சொல்லு, என்ன? தம்பிக்கு மருந்து."

"ஓம்" என்றேன்.

ஒன்பது நாள் அந்தப் பொய்யோடு இருந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் புறப்படுமுன் ஒரு காவோலையை எடுத்துக்கொண்டு பனங்கூடலுக்கு ஓடி, மணலில் அந்த வால் இழுத்த கோட்டை முழுக்கக் கூட்டி அழிப்பேன். மீன் குடலை மட்டும் வழக்கம் போலப் போட்டேன். அதைப் பட்டினி போட மனம் வரவில்லை. கூட்டி முடித்துத் திரும்பி வந்தால் அறைக்குள் அவனுடைய மூச்சு. அதைக் கேட்டுக்கொண்டுதான் பழஞ்சோறு தின்றேன். நாளைக்கு இவனுக்குத் தானாகச் சுகம் வந்துவிடும், இரண்டு பேரும் தப்பிவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வரவில்லை.

பெரியப்பா நாயோடு கிழக்குக் கரை வரை அலைந்தார். வெறுங்கையோடு வருவார். அம்மா முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வளவுக்குப் போய்விடுவார். நான் வகுப்பில் உங்களோடு கெந்திப் பிடித்து விளையாடிக்கொண்டுதான் இருந்தேன். உங்களில் ஒருவருக்காவது என் முகத்தில் ஏதாவது தெரிந்ததா என்று கேட்க ஆசை. தெரிந்திராது. பத்து வயதில் நான் கெட்டிக்காரப் பொய்காரி.

அந்த நாட்களில் உடும்பு வேறு மாதிரி நடந்துகொண்டது. வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கியிருந்தது. சாணியைப் புரட்டவில்லை. பனங்கூடலின் நடுவில் பெரிய கறையான் புற்றொன்று இருந்தது, என் நெஞ்சளவு உயரம். அதைச் சுற்றிச் சுற்றி வந்து, நாக்கால் தொட்டு, ஒரு பக்கத்தில் தோண்டும், விட்டுவிடும். இன்னொரு பக்கத்தில் தோண்டும், அதையும் விட்டுவிடும். மீன் குடல் தின்று கொழுத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. மத்தியானம் அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தா. அறைக்குள் திடீரென்று அந்தக் குழல் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்தது, நெஞ்சு அசைந்தது, சத்தம்தான் இல்லை. உதடு நாவற்பழம் தின்றவன் போல் இருந்தது. அம்மா வடித்த சோற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, அவனைத் தூக்கித் தோளில் சாத்திக்கொண்டு, "என்ரை ராசா, என்ரை ராசா" என்றபடி கொல்லைக் கதவைக் காலால் உதைத்துத் திறந்தா.

நான் பொட்டால் பாய்ந்தேன். ஓலைக் கருக்கு முதுகைக் கீறியது. பெரியப்பா கொட்டிலில் புகையிலை கட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் பெரியப்பா! புத்தடியிலை கிடக்கு! முந்தியே தெரியும். கெதியா வாங்கோ!"

அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்தார். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் தந்தார். நாங்கள் போனபோது அது புற்றின் அடியில் அரைவாசி உள்ளே இருந்தது. பின்னங்காலும் வாலும் வெளியே. நாய் கழுத்து முறிய இழுத்தது. பெரியப்பா முழங்காலில் குந்தி, இரண்டு கையாலும் வாலைப் பற்றி இழுத்தார். அது உள்ளே நகங்களை ஊன்றிக்கொண்டது. சீறியது. உடம்பை ஊதிப் புற்றுக்குள் இறுக்கிக்கொண்டது. உடும்புப் பிடி என்று நாம் வாயால் சொல்கிறோமே, அதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

பிறகு சட்டென்று இழுப்பதை நிறுத்தினார். குனிந்து உற்றுப் பார்த்தார். வாலை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"இஞ்சை வா. நாயைப் பனையிலை கட்டிப்போட்டு வா."

போய்ப் பார்த்தேன். பின்னங்கால்களுக்கு நடுவில், தோண்டிய ஈர மண்ணில், நாலைந்து முட்டைகள் கிடந்தன. கோழி முட்டையைவிடச் சற்று நீளம், ஓடு இல்லாமல் தோல் போல. ஒன்று அப்போதுதான் விழுந்திருந்தது. அதில் இன்னும் மண் ஒட்டவில்லை.

"முட்டை இடுகுது மோனை" என்றார் பெரியப்பா.

நான் அழுதுகொண்டே கத்தினேன். "தம்பிக்கு மூச்சு ஏலாமல் கிடக்கு பெரியப்பா. பிடியுங்கோ. பிடியுங்கோ!"

"விசர்க் கதை கதைக்காதை. ஒரு தாயை வெட்டி ஒரு பிள்ளைக்குக் குடுத்தால் அது செமிக்குமே? சினையிலை நிக்கிறதை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. தொட்டால் அந்தப் பாவம் அவன்ரை தலையிலைதான் வந்து விடியும்."

"அப்ப தம்பி?"

அவர் தலையைச் சொறிந்தார். மண்வெட்டியைத் தோளில் வைத்தார். எங்கள் வளவுப் பக்கம் பார்த்தார், தன் வளவுப் பக்கம் பார்த்தார்.

"உடும்பிறைச்சியும் கோழி இறைச்சியும் ஏறக்குறைய ஒரே ருசிதான்" என்றார்.

"பரியாரியார் கண்டுபிடிச்சால்?"

"பரியாரி சட்டிக்குள்ளை கையை விடப்போறாரே? பொடியனுக்குச் சாப்பாடே இறங்கிறேல்லை. நல்ல சாறு உள்ளுக்கை போகட்டும் முதல். நீ ஒண்டும் காணேல்லை. நானும் காணேல்லை. விளங்குதே?"

நாங்கள் திரும்பி வந்தபோது அம்மா கொல்லைப் படியில், திறந்த காற்றில், அவனை நெஞ்சோடு சாத்தி வைத்திருந்தா. குழல் சத்தம் மறுபடியும் கேட்டது. உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் இல்லை என்று எனக்கு அப்போது தோன்றியது. நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். தம்பி மேல் இவளுக்கு எவ்வளவு பாசம் என்று அம்மா என் தலையைத் தடவினா. எனக்கு இன்னும் கூட அழுகை வந்தது.

பின்னேரம் பெரியப்பா பனையோலைப் பட்டையில் பொதிந்த இறைச்சியைக் கொண்டு வந்து அம்மாவின் கையில் கொடுத்தார். தோலுரித்து, துண்டு துண்டாக வெட்டி, தலையோ காலோ இல்லாமல். பெரியம்மாவின் கோழிகளிலேயே வயதில் மூத்த, முட்டையிடுவதை எப்போதோ மறந்துவிட்ட பேடு அது. அம்மா வீட்டு அடுப்பில் வைக்காமல், முற்றத்தில் மூன்று கல் வைத்து, பழைய சட்டியில் மிளகும் உள்ளியும் நிறையப் போட்டு ஆக்கினா. ஊரே மணத்தது. இறைச்சி வேகவே இல்லை. ஒன்றரை மணித்தியாலம் எரித்தும் றப்பர் போல் இருந்தது. "உடும்பெண்டால் சும்மாவே" என்று பெரியப்பா பெருமையாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா பொட்டால் வந்தா. "என்ரை மூத்த பேட்டைக் காணேல்லை. உடும்புதான் கொண்டு போட்டுது!"

தம்பி கட்டிலில் குந்தியபடி, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி நிறுத்திக் கேட்டான். "உடும்பு... சட்டிக்குள்ளை எல்லே... கிடக்கு?"

பெரியப்பா கண்ணும் இமைக்கவில்லை. "இது ஒண்டு. இதின்ரை சோடி வெளியிலை நிக்குது. அதின்ரை வேலை."

அன்றிலிருந்து பெரியம்மா ஓயவில்லை. அந்தச் சோடியைப் பிடித்துக் காட்டும்வரை வீட்டில் நிம்மதியில்லை என்று பெரியப்பா கிழமைக்கு ஒரு தடவை நாயோடு புறப்படுவார். புற்றுப் பக்கம் போகாமல் எல்லாப் பக்கமும் தேடிவிட்டு வருவார். சாகும் வரைக்கும் அந்த நடிப்பை அவர் விடவில்லை.

தம்பி சாற்றைக் குடித்தான். மூன்று நாள் குடித்தான். பரியாரியார் மறுபடி வந்து, உடும்பு கடும் சூடு, அதனால் ஒரு மண்டலத்துக்குப் பத்தியம் என்று கட்டளையிட்டார். புளி கூடாது, புகை கூடாது, சூடு வெளியே போக யன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். அம்மா இடுக்கில் அடைத்த துணிகளை உருவினா. சாம்பிராணித் தட்டு மாட்டுக் கொட்டிலுக்குப் போனது. பத்தே நாளில் பிள்ளை படுத்துத் தூங்கினான். அந்த மாதக் கடைசியில் நெல்லி மரத்தில் ஏறி அடிவாங்கினான். உடும்பின் புகழ் தீவு முழுக்கப் பரவியது. இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் எந்த டொக்டரைக் கேட்டாலும், தொய்வுக்காரப் பிள்ளைக்குப் புகைதான் எமன் என்று சொல்லுவார்.

உடும்பு முட்டைகளை மூடிய விதத்தை நான் அடுத்த நாள் பார்த்தேன். மூக்கால் மண்ணைத் தள்ளி, மூக்காலேயே அழுத்தி, திரும்பத் திரும்ப. மிச்சத்தைக் கறையான்கள் பார்த்துக்கொண்டன. சில நாளில் அங்கே ஓட்டை இருந்த அடையாளமே இல்லை. அடுத்த சித்திரையில் ஒரு மழை பெய்து ஓய்ந்த காலையில், புற்றின் மேலே, என் சுண்டுவிரல் மொத்தத்தில் ஒரு குஞ்சு தலையை நீட்டி நாக்கைக் காட்டியது. கறுப்பு உடம்பு, அதில் மஞ்சள் பொட்டுகள். சிவப்பு நாயிடமிருந்து தப்ப அது பனையில் ஏறிய வேகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கலியாணமாகி, முதல் முதலாக நானே ஒரு கோழியை வெட்டிக் கழுவியபோதுதான் எனக்கு உறைத்தது. விலா எலும்பும் நெஞ்செலும்பும் கையில் பட்டன. இந்த எலும்பைக் கழுவிய அம்மாவுக்கு அது கோழி என்று தெரியாமலா இருந்திருக்கும்? ஒரு நாளும் ஒரு சொல் சொல்லாமல், பெரியம்மாவின் ஒப்பாரியையும் கேட்டுக்கொண்டு, உப்புப் போட்டு இறக்கியிருக்கிறா. ஏன் என்று கேட்பதற்குள் அவ போய்விட்டா.

இனிப் போன கிழமைக்கு வருகிறேன். தம்பிக்குப் பாரிசில் பேரன். அந்தப் பிள்ளைக்கும் தொய்வு.

"அக்கா, இஞ்சை மூச்சுக்கு அடிக்கிற பம்ப் குடுத்திருக்கினம்" என்றான். "எண்டாலும் எனக்கு மனம் கேக்குதில்லை. என்னை உயிரோடை வைச்சது அந்த உடும்பெல்லே? நீ ஆரையும் பிடிச்சுக் கொஞ்ச இறைச்சி காயவைச்சுத் தர ஏலாதோ? அடுத்த மாசம் ஒரு பொடியன் ஊருக்கு வாறான்."

"உடும்பைத் தொட்டால் இப்ப பிடிச்சு மறியலிலை போட்டிடுவாங்கள்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்தப் பிள்ளையின் பம்ப்பை இவன் உடும்பை நம்பி ஒதுக்கி வைத்துவிட்டால்? "நீ திண்டது உடும்பில்லையடா. பெரியம்மாவின்ரை கிழட்டுக் கோழி."

"கோழியோ?" என்றான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்து, மனைவியைக் கூப்பிட்டு அவளுக்கும் சொன்னான். "இவ்வளவு காலமும் நான் கோழிக்கு எல்லே நன்றி சொல்லியிருக்க வேணும்!" நான் சிரிக்கவில்லை. டொக்டர் சொன்னபடி பம்ப்பைக் குடு, வீட்டில் சாம்பிராணி போட வேண்டாம் என்று சொன்னேன். அதோடும் விடவில்லை. அன்றைக்குப் பெரியப்பாவைத் தவிர, ஐம்பத்தெட்டு வருடம் வேறொருவரிடமும் சொல்லாததை அவனிடம் சொன்னேன். உடும்பு எங்கே இருந்தது என்று எனக்கு முதல் நாளே தெரியும் என்றேன். ஒன்பது நாள் காணவில்லை என்று பொய் சொன்னேன், கோட்டைக் கூட்டி அழித்தேன், நீ செத்தால் சா என்று அதைக் காப்பாற்றினேன் என்றேன். இந்த வயதில், கத்தரிப் பாத்தியில் நின்று, சின்னப் பிள்ளை போல அழுதேன்.

அவன் கேட்டு முடித்தான்.

"அக்கா, பெரியப்பா முதல் கேட்டது என்னட்டை. நீ பள்ளிக்கூடத்தாலை வர முந்தி."

"என்ன கேட்டவர்?"

"யன்னலாலை உடும்பு கிடும்பு கண்டனியோ எண்டு. துணி அடைக்க முந்தி நான் நெடுகப் பாக்கிறனான். நீ குடல் போடுறதும், அது வந்து தின்னுறதும், நீ அதோடை கதைக்கிறதும். அது கிடக்கிற இடமும் எனக்குத் தெரியும்."

"அப்ப ஏனடா சொல்லேல்லை? உனக்குத்தானே மூச்சு முட்டினது!"

"நீ அழுவாய் எண்டு."

அப்போது அவனுக்கு ஏழு வயது.